மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலி

வேலை போனதைச் சொல்வதற்கு எனக்கு எந்த வெட்கமும் கிடையாது. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் மில் மூடி வேலை போன குடும்பம் தெருவுக்குத் தெரு இருந்தது. எங்கள் மில் கேட்டிலும் ஒரு நாள் காலையில் ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். முதல் ஷிஃப்ட்டுக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். பர்மனென்ட், பதிலி, ஆபீஸ், மிஷின் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகப் போனது. அதில் வருத்தம் உண்டு, கோபம் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு வெட்கமெல்லாம் அடுத்த வேலை கிடைத்த விதத்தில்தான். இப்போதும் அது ஞாபகம் வந்தால், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன். "எதுக்குங்க அதையெல்லாம் எழுதிக்கிட்டு" என்று கேட்டுவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள். எழுதாமல் இருந்தாலும் அது என்னை விடுவதாக இல்லை. எழுதித்தான் பார்ப்போமே.

அந்த மில்லில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். பேரிங், பெல்ட், பாபின், எண்ணெய் டின், எதுவாக இருந்தாலும் என் ஜன்னலுக்கு வந்து நின்று கேட்டுத்தான் வாங்கிப்போக வேண்டும். ஸ்பின்னிங் மாஸ்டரே ஆனாலும் கையெழுத்துப் போடாமல் ஒரு ஸ்க்ரூ தர மாட்டேன். அதனால் கொஞ்சம் கொழுப்பு இருந்தது எனக்கு, மறைப்பானேன். வேலை போன பிறகு நான் ஏறி இறங்காத இடமில்லை. மதுக்கரைப் பக்கம்கூட போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் மரியாதையோடுதான் திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசுவார்கள். வேலை தேடிப் பார்த்தால் தெரியும் அந்த மரியாதையின் லட்சணம். இல்லை என்ற வார்த்தையை எங்கள் ஆட்கள் வாயிலிருந்து பிடுங்க முடியாது. உட்கார வைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்பார்கள், "பாக்கலாமுங்க, சொல்லியனுப்பறனுங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது இல்லை என்பது உறைக்கும். நானே ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்து எத்தனையோ சேல்ஸ்மேன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த மாசம் பார்க்கலாமுங்க என்று அனுப்பியவன்தான். அந்தப் பேச்சின் விலை எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் கோட்டை விட்டேன்.

வைகாசியில் கிணத்துக்கடவில் மனைவியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். போகவே எனக்கு இஷ்டமில்லை. மண்டபத்தில் பார்க்கிறவர்களெல்லாம் "மில்லு தெறந்துட்டாங்களாங்க?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லி அலுத்துப்போய், முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அங்கே குழாயடியில் என் மனைவியின் பெரியப்பா மகன் நின்றிருந்தார். எனக்கு மச்சான் முறை. தோட்டத்துப் பிழைப்பு போதாதென்று கணபதிப் பக்கம் ஒரு சந்தில் இடம் பிடித்து, தண்ணீர் பம்ப் செய்யும் கம்பெனி போட்டிருந்தவர். என் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன் இல்லை. இவர்தான் அந்த இடத்தில் இருந்து எல்லாச் சீரும் செய்தவர். குணத்தில் தங்கம். அதுதான் வினையாகிப் போனது.

என் கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி சொல்லுச்சுங்க மாப்ள, மில்லு விசயம். நீங்க எதுக்குங்க ரோசனை பண்றீங்க? நம்ம கம்பெனி இருக்குதில்லீங்க. எப்ப வேணாலும் வாங்க."

இதை வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லி, "எனக்கு வேலை கிடைச்சுப்போச்சுங்க" என்றிருந்தால் நான் சிரித்திருப்பேன். ரோட்டில் பார்க்கிறவரையெல்லாம் ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று கூப்பிடுகிறோம். இன்னொரு நாளைக்கு வாரனுங்க என்று சொல்லிவிட்டு அவர்களும் போகிறார்கள். கூப்பிட்டவருக்கும் மனசு நிறைகிறது, கூப்பிடப்பட்டவருக்கும் நிறைகிறது. யாரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் அப்படியேவாங்க சொன்னாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் தூரம் போனபிறகு திரும்பவும் அதையே கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உன் அண்ணன் பேச்சில் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று கத்தினேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் நன்றாகச் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மச்சான் எழுந்து நின்று "வாங்க மாப்ள, வாங்க வாங்க" என்றார். எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஏதோ நோம்பிக்கோ விசேஷத்துக்கோ அழைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். தன் மேஜைக்குப் பக்கத்தில், ஃபேனுக்குக் கீழே, ஒரு மெத்தை வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் வந்தது, டீ வந்தது. மழையைப் பற்றிப் பேசினோம், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம். அதற்குள் டீயும் தீர்ந்தது. நான்தான் ஆரம்பித்தேன்: "சொல்லுங்க மச்சான், நான் எதுல இருந்து பாக்கட்டும்?"

அவர் என்னையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல ஒரு டீ சாப்புடுங்க மாப்ள" என்றார். குடித்த டம்ளர் இன்னும் மேஜையிலேயே இருந்தது. இன்னொரு டீ வந்தது.

மத்தியானம் கம்பெனிக்குப் பின்னாலேயே இருந்த அவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். அவர் மனைவி, எனக்கு அக்கா முறை, வாழை இலை போட்டு, அப்பளம், வடை, பாயசம் என்று பரிமாறினார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இலை போட்டுச் சோறு போடும் முதலாளி எங்கே கிடைப்பான் என்று பூரித்துப்போனேன். ஒறம்பரைக்குத்தானே இலை போடுவார்கள், விருந்தாளியை நடத்துவது போலல்லவா நடத்துகிறார்கள் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது "நாளைக்கு வாரனுங்க மச்சான்" என்றேன். "வாங்க வாங்க" என்றார். வேறு என்ன சொல்வார்? தங்கச்சி புருஷனை வராதே என்று எந்த வாயால் சொல்வார்?

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்க எனக்கு வரவில்லை. கம்பெனியின் பின்பக்கம் ஒரு அறையில் சாமான்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். போல்ட்டும் நட்டும் வாஷரும் ஒரே டிரம்மில் கிடந்தன, பேரிங் பெட்டிகளின் மேல் சாக்குப் பை, சாக்குக்குள் யாருடைய பழைய செருப்போ. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. மச்சானிடம் நான் இதைச் சரி பண்ணட்டுமா என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க மாப்ள சிரமம்" என்றார். சிரமமென்ன, இதற்குத்தானே வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல வேலை செய்தேன். டின் டின்னாகப் பிரித்து, அளவு வாரியாக அடுக்கி, பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. லேத்தில் நின்றவர்களிடம் போய், எண்ணெய் துடைக்க இவ்வளவு வேஸ்ட் துணி எதற்கு என்று கேட்டேன். ஃபோர்மேன் தாமதமாக வந்தால் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒருநாள் ஒருவரை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். "சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாப்பிள்ளை பங்குக்கு வந்திருக்கிறார் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். மச்சான் தன் அறைக் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சனிக்கிழமை எல்லாருக்கும் கவரில் சம்பளம் கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. வரிசையில் நின்று வாங்குகிற ஆளா நான், மாதம் பிறந்ததும் மரியாதையாகத் தருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதமும் பிறந்தது. அன்று சாயங்காலம் கம்பெனி வண்டியில் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் தோட்டத்துத் தேங்காயும் வந்து இறங்கின. தங்கச்சிக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார். பார்த்தாயா உன் அண்ணன் மனசை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மூட்டையை ஓரமாக இழுத்து வைத்தாள். அந்த வாரம் அவள் சரியாகப் பேசவில்லை. பெண்ணின் பள்ளிக்கூடச் செலவை நினைத்துத்தான் கவலைப்படுகிறாள் என்று நினைத்தேன், சம்பளமும் வந்துவிடும் பொறு என்று சமாதானம் வேறு சொன்னேன்.

இந்த லட்சணத்தில் நான் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். மில்லில் கூட இருந்தவர்களை வழியில் பார்த்தால், வீட்டில் உட்கார்ந்திருந்தால் வேலை தேடி வருமா, அலைய வேண்டும் என்பேன். அப்படித்தான் மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவரைப் பார்த்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வேலை நன்றாகத் தெரிந்தவர், கைக்குழந்தை வேறு வீட்டில். என் மச்சான் கம்பெனிதான், நான் சொன்னால் தட்ட மாட்டார், நாளைக்கே வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் அவர் வந்தார். மச்சானிடம் கூட்டிப்போய், இன்னார், இப்படி வேலை தெரிந்தவர், நம் கம்பெனிக்கு அவசியம் வேண்டும் என்று நானே சிபாரிசு செய்துவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஃபிட்டர் வந்து, வாங்க அண்ணாச்சி, ஒரு டீ குடிப்போம் என்றார். வெளியே சந்து முனையில் கடை. இரண்டு டீ சொன்னார். வேலைக்கு எப்போது வரச் சொன்னார் என்று கேட்டேன்.

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. பாக்கலாம்னு இழுத்தாரு. வேல இருக்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டேன். ஒங்களக் கூட்டியாந்தவருக்கே நான் இன்னும் வேல குடுக்கலீங்கன்னாரு. ஏதோ மரியாதைக்குக் கூப்பிட்டாராம், நீங்க நெசமாவே வந்துட்டீங்களாம். எப்படிச் சொல்லதுன்னு தெரியாம அவரு ராத்தூக்கமில்லாம கெடக்காராம்."

டீ ஆறிப்போனது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, ஒங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன் என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார். வேலை இல்லாத மனுஷன், நான் வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்த மனுஷன், எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நான் கம்பெனிக்குள் திரும்பிப் போகவில்லை. சட்டை ஸ்டோரிலேயே ஆணியில் இருந்தது. பனியனோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த இரண்டாவது டீ. இலையில் விழுந்த பாயசம். நான் எல்லார் முன்னாலும் சத்தம் போட்ட அந்த மனுஷன் சரிங்க என்று தலையை ஆட்டியது. அடச்சீ, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ரோட்டில் போன ஒரு அம்மா ஒதுங்கி நடந்தது.

வீட்டில் மனைவி என் கோலத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அரிசி மூட்டை வந்து இறங்கிய அன்றே தெரிந்துவிட்டதாம். சம்பளத்துக்கு இருக்கிற ஆள் வீட்டுக்கு யாராவது அரிசி மூட்டை அனுப்புவார்களா, பிறந்த வீட்டிலிருந்து கஷ்டப்படுகிற பெண்ணுக்குத்தான் அனுப்புவார்கள் என்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்போதே சொல்லித் தொலைத்திருக்க வேண்டியதுதானே, இத்தனை நாள் என்னைக் கோமாளியாக அனுப்பிக்கொண்டிருந்தாயா என்று கத்தினேன்.

"காத்தால கெளம்பறப்ப உங்க மொகத்தப் பாத்தனுங்க" என்றாள். "மில்லுக்குப் போறப்ப இருந்த மாதிரியே இருந்துச்சு. எப்படிங்க சொல்லுவேன்?"

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அப்பா இன்னைக்கு சீக்கிரமா வந்துட்டீங்களா என்று சந்தோஷமாகக் கேட்டாள். மனைவிதான் ஒரு வழி சொன்னாள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம், அப்படியே போகாமல் நின்றுவிட்டால் அண்ணனும் ஒன்றும் கேட்க மாட்டார், யாருக்கும் எதுவும் நடந்ததாகவே இருக்காது. உண்மைதான். அப்படி மூடிவிட எல்லாருமே தயாராகத்தான் இருந்தார்கள். சட்டையைக்கூட மடித்துக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் என்ன? மறுபடியும் பஸ் ஏறி, இன்னொருவர் ஆபீசில் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். வீட்டில் அந்த அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. சொல்லக் கூசுகிறது, எனக்கு மானத்தைவிட வேலைதான் வேண்டியிருந்தது.

காலையில் போனேன். மச்சான் வழக்கம்போல எழுந்து, வாங்க மாப்ள என்றார். முகம் வெளுத்திருந்தது. ஃபிட்டரிடம் சொன்னது என் காதுக்கு வந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வேலை தேடி எத்தனையோ இடம் ஏறி இறங்கினேனே, எங்கேயும் நான் வாயைத் திறந்து கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மில் மூடிட்டாங்க என்பேன், சும்மாதான் இருக்கனுங்க என்பேன், மிச்சத்தை அவர்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்பதில்லை, அவர்கள் மறுப்பதும் இல்லை.

"மச்சான், எனக்கு வேலை வேணுமுங்க" என்றேன். "இருந்தா குடுங்க. இல்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடுங்க. நான் சங்கடப்பட மாட்டேன்."

சங்கடப்பட மாட்டேன் என்று சொல்லும்போதே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். லேத்தில் நின்றவர்கள் எல்லாரும் மும்முரமாக வேலை செய்தார்கள், ஒருவர்கூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டோருக்கு ஆள் வேணுந்தானுங்க மாப்ள. நீங்க பண்ணி வெச்சத நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா தங்கச்சி புருசனுக்கு நான் எப்படிங்க கவர்ல போட்டுச் சம்பளம் நீட்டறது? நாளைக்கு ஒரு தப்புன்னா உங்கள நான் என்ன சொல்லிக் கேக்கறது? கூலிக்கு வெச்சுப்போட்டான்னு சொந்தத்துல பேச மாட்டாங்களா?"

அதை அவர் யோசித்து யோசித்துத்தான் தூக்கம் கெட்டிருக்கிறார். வேலை இல்லாமல் இல்லை. மாப்பிள்ளைக்குக் கொடுக்க அவரிடம் வேலை இல்லை, அவ்வளவுதான். நான் அந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாக வைத்தேன். இந்தக் காம்பவுண்டுக்குள் நான் மாப்பிள்ளை இல்லை, ஸ்டோர் கீப்பர், வேலையாளை நடத்துகிற மாதிரி நடத்துங்கள் என்று சொன்னேன். சொன்னபோது எனக்கு அது பெரிய வீரம்போலத்தான் இருந்தது. அவர் சுவரோரம் போன நாற்காலியைப் பார்த்தார். பிறகு, எட்டரைக்குள்ள வந்துருங்க என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த அப்பாயின்ட்மென்ட். நேராகப் போய், முன்பு நான் சத்தம் போட்ட ஆளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், அட விடுங்க, அதையெல்லாம் யாருங்க நெனச்சுக்கிட்டு என்றார். அதுவும் மரியாதைக்குச் சொன்னதாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் மச்சான் நான் கேட்டபடியே நடந்துகொண்டார். சனிக்கிழமை கவர் வந்தது. நான் வந்தால் அவர் எழுந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஒருமுறை தப்பான பேரிங் வாங்கிவிட்டதற்காகக் கோபித்தும் கொண்டார். அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. இதெல்லாம் நானே கேட்டு வாங்கியது, குறை சொல்ல எனக்கு வாயில்லை. சில மாதம் கழித்து அந்த ஃபிட்டருக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. அவர் தானாகவே வந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் தீபாவளியைவிட பட்டறைகளில் அதுதான் பெரிய நாள். மிஷினெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கேட்டில் வாழை கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். வேலையாட்களின் குடும்பமெல்லாம் வந்திருந்தது. என் மனைவியும் பெண்ணோடு வந்திருந்தாள். அவள் முதலாளியின் தங்கச்சி, அந்த வீட்டுப் பெண். அவளை உள்ளே கூட்டிப்போய்ச் சாமிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் பொரி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பூஜை முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பொரியும் இனிப்பும் ஒரு சென்னிமலைப் போர்வையும் வீட்டுப் பெண் கையால் கொடுப்பது அவர்கள் வழக்கம். அக்காவுக்கு அன்று காய்ச்சல். மச்சான் சுற்றிலும் பார்த்துவிட்டு, தங்கச்சிக்கு மரியாதை செய்வதாக நினைத்து, சந்தோஷமாகக் கூப்பிட்டார்: "அம்மணி, நீ வந்து உங்கையால குடு."

அவள் எழுந்து போய் நின்றாள். ஃபோர்மேனிலிருந்து வரிசை ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் "வாங்கிக்குங்க, வாங்கிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். நானும் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஃபிட்டர் நின்றார், தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. அவர் வாங்கிக்கொண்டு விலகியதும் மச்சான் என்னைப் பார்த்தார். அப்போதுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. அவள் கையிலிருந்து போர்வையை வாங்கித் தானே எனக்குக் கொடுத்துவிடுவதற்காகக் கையை நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். காம்பவுண்டுக்குள் மாப்பிள்ளை இல்லை என்று வாய்கிழியச் சொன்னவன் நான்தானே.

என் பெண் தூணருகில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களிடம் சொன்னதை என்னிடம் சொல்லவும் இல்லை. போர்வையின் மேல் பொரிப் பொட்டலத்தை வைத்து, அது சரிந்துவிடாமல் ஒரு தடவை சரிசெய்து, நீட்டினாள். நான் எல்லாரையும் போலக் கொஞ்சம் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பின்னால் ஆள் நின்றதால் உடனே நகர்ந்துவிட்டேன்.